மற்றப் பாதி

பின்னேரம் ஐந்து இருபதுக்கு என் கைபேசி அடித்தது. சீனன்குடாவில் அலுவலக வாசலில் நின்றுகொண்டு, பஸ் பிந்துகிறதே என்று மணிக்கூட்டைப் பார்த்த அந்த நேரத்தில்தான் அடித்தது. அதனால்தான் நேரம் சரியாக நினைவிருக்கிறது. திரையில் மகளின் பெயர். எடுத்தால் யாரோ ஓர் ஆணின் குரல். "இந்தப் போனில அப்பா எண்டு போட்டுக் கிடக்கு. நீங்களோ?" ஓம் என்றேன். "பயப்பிடாதேங்கோ. பிள்ளை கதைக்கிறா. கால்தான்."

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு இன்னும் ஏலாது. ஆஸ்பத்திரி வாசலில் மனைவி செருப்பில்லாமல் நின்றாள். மகளின் வெள்ளைச் சட்டையில் இரத்தமும் வீதி மண்ணும் அப்பியிருந்தன. தள்ளுவண்டிலில் கிடந்தபடி, "அப்பா, என்ர சைக்கிளை எடுத்தாச்சோ?" என்று கேட்டாள். எல்லாம் தனித்தனிப் படங்களாக நிற்கின்றன. இப்போதும் ஐந்து மணி தாண்டினால் என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறது.

ரியூசன் முடிந்து வந்த பிள்ளையை, பாலையூற்றில் எங்கள் ஒழுங்கை பெரிய வீதியோடு சேரும் முகப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் அடித்திருந்தது. ஓட்டியவன் ஒரு கையில் போன் வைத்திருந்தான் என்று கண்டவர்கள் சொன்னார்கள். தொடையெலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். அந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுத வேண்டியவள் கட்டிலில் கிடந்தாள். ஓட்டியவன் முன்பின் தெரியாதவனாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் எங்கள் மாதா கோயிலில் ஓர்கன் வாசிக்கிற பொடியன். அவனுடைய தாயும் என் மனைவியும் சனிக்கிழமைகளில் சேர்ந்து பீடத்துக்குப் பூ அடுக்குகிறவர்கள். வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி.

அவர்கள் வரவில்லை.

முதல் கிழமை மனைவி பின்னேரங்களில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி அடுக்கிவைத்துவிட்டு வெளிக்கதவைத் திறந்தே வைத்தாள். வருவார்கள், வெட்கத்தில் பிந்துகிறார்கள் என்றாள். பிறகு சந்தையில் கதை வந்தது. வழக்கு முடியும்வரை போக வேண்டாம், போனால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்று தாய்மாமன் தடுத்துவிட்டாராம். இன்னும் கொஞ்ச நாளில் வேறொரு கதை வந்தது. பிள்ளை பார்க்காமல் திரும்பியதுதான் காரணம் என்று அந்த மாமன் சொல்லித் திரிகிறாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து, அவர்கள் வந்தால் என்ன சொல்வது என்று மனத்துக்குள் எழுதத் தொடங்கினேன். பஸ்ஸில் எழுதினேன், குளிக்கும்போது எழுதினேன். ஒவ்வொரு நாளும் அது இன்னும் கூராக வந்தது.

வீட்டில் பின்னேரச் செபமாலையை முன்பு மனைவிதான் சொல்லுவாள். பிள்ளை ஆஸ்பத்திரியால் வந்த பிறகு நான் சொல்லத் தொடங்கினேன். ஒரு நாள் செபம் முடிந்து நான் எழும்பும்போது, கட்டிலில் சாய்ந்திருந்த மகள் கேட்டாள்: "அப்பா, இப்ப ஏன் ஒவ்வொரு நாளும் நீங்களே முன்னுக்கு இருக்கிறீங்கள்?"

செபமாலையை இருந்த கதிரையிலேயே வைத்துவிட்டு நான் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். இருபது வருடத்துக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருவரின் முகம் அந்தத் தண்ணீருக்குள் வந்து நின்றது.

அவவை ஊரில் எல்லாரும் மைக் அக்கா என்றுதான் சொல்லுவார்கள். திருகோணமலை பஸ் நிலையத்தில் பஸ் புறப்படுவதை அறிவிக்கிறவ. கம்பி வலை அடித்த ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மைக். காலையில் அவவின் குரல் கேட்டால்தான் சந்தைக் கடைகள் கதவு திறக்கும் என்று பகிடி சொல்லுவார்கள். தமிழில் ஒருக்கா, சிங்களத்தில் ஒருக்கா, நிறுத்தி, தெளிவாக, ஏதோ கலியாண வீட்டுக்கு அழைக்கிற மாதிரி, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று சொல்லுவா.

கேள்வி கேட்டால் மட்டும் அவவுக்குப் பிடிக்காது. யாராவது வலைக்குப் பக்கத்தில் போய் நிலாவெளி பஸ் எப்ப என்று கேட்டால், கேட்டவரைப் பார்க்காமல் மைக்கைப் போட்டு முழு நிலையத்துக்கும் சொல்லுவா. ஒரு குடிகாரன் வந்து, என் மனிசி எந்தப் பஸ்ஸில் ஏறினவ என்று கேட்டான். உடனே மைக்கில், மனிசியைத் தேடுகிற ஒருவர் இங்கே நிற்கிறார், மனிசி விரும்பினால் வரலாம் என்று அறிவித்தா. நிலையமே சிரித்தது. அவவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

இன்னொன்று. எவருக்காகவும் அவ பஸ்ஸை நிறுத்தியதில்லை. எங்கள் பங்குத் தந்தை ஒருநாள் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தும் விடவில்லை. "பாதர், உங்கட பஸ் போயிட்டுது. நிழலில இருங்கோ" என்று மைக்கிலேயே சொன்னா.

நான் அப்போது புதிதாகக் கலியாணம் முடித்து ஓர்ஸ் ஹில் சரிவில் வாடகைக்கு இருந்தேன். அவவின் வீடு எங்களுக்கு மேல் வளவு. புருஷன் நெடுங்காலத்துக்கு முன்பே இல்லை. அந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் செபமாலை நடந்தாலும் முன்னுக்கு இருந்து சொல்கிறவ அவதான். மற்றவர்கள் பாயை விரிக்கும்போதே அவ மாதா சுரூபத்துக்கு முன் முழங்காலில் இருப்பா. வேறொருவர் தொண்டையைச் செருமினால், அவவின் வாய் அதற்குள் திறந்திருக்கும். "அடுத்ததாக, மூன்றாம் தேவ இரகசியம்" என்று அதே பஸ் நிலையக் குரலில் சொல்லுவா. ஒருமுறை பக்கத்து வீட்டுச் சின்னவள், "எத்தினை மணிக்கு வெளிக்கிடும்?" என்று கேட்டு, தாயிடம் தொடையில் நுள்ளு வாங்கினாள்.

என்ன பக்தி என்று எல்லாரும் மெச்சினார்கள். என் மனைவி மட்டும் முந்திரிக்கொட்டை என்பாள், அதுவும் என் காதுக்குள்.

செபமாலையை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது ஐந்து பத்தாகப் போகும், ஒவ்வொரு பத்தின் தொடக்கத்திலும் கர்த்தர் கற்பித்த செபம் வரும். அந்தச் செபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்வதில்லை. முன்னுக்கு இருப்பவர் முதல் பாதியைச் சொல்லி நிறுத்துவார். இருக்கிற சனம் மற்றப் பாதியைச் சொல்லும். முதல் பாதி முழுவதும் கடவுளின் பெருமை. அன்றாட உணவு கேட்பது, சோதனையிலிருந்து காக்கச் சொல்வது, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்களையும் பொறுக்கும்படி கேட்பது, எல்லாம் மற்றப் பாதியில். நான் பிறந்த நாளிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவன். பாதி பிரிக்கிற இடத்தைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை.

அந்தச் செபங்களுக்கு ஒருவர் வருவார். மெலிந்த மனிதர், என் அலுவலகத்துக்குப் பக்கத்து எண்ணெய்க் களஞ்சியத்தில் வேலை. உள்ளே வரமாட்டார். வாசற்படியிலேயே முழந்தாளிட்டு இருந்துவிட்டு, தேநீர் வருவதற்கு முன் போய்விடுவார். சீனன்குடா பஸ்ஸிலும் அவரைக் காணுவேன். ஆனால் அவர் நிலையத்தில் ஏறுவதில்லை. வெயிலென்றாலும் நடந்து போய் அடுத்த தரிப்பிடத்தில்தான் ஏறுவார். கூட்டத்துக்குள் நின்றுகொண்டு வருவதற்கு ஏன் இந்த நடை என்று நான் நினைத்ததுண்டு.

காரணத்தை என் மனைவிதான் கிணற்றடியில் கேட்டுவந்து சொன்னாள். மைக் அக்காவுக்கு ஒரு மகன் இருந்தவன். ஒரே பிள்ளை. ஒரு விடுமுறை நாளில் அந்த மனிதர் தன் மகனையும் அவனுடைய கூட்டாளிகளையும் நிலாவெளிக் கடலுக்குக் குளிக்கக் கூட்டிப்போனார். மைக் அக்கா துவாயை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, பார்த்துக்கொள்ளுவீங்களோ என்று கேட்டிருக்கிறா. ஓம் அக்கா என்று அவர் சொல்லியிருக்கிறார். போனவர்களில் அவவின் மகன் மட்டும் உயிரோடு திரும்பவில்லை. அடக்கத்தன்று அந்த மனிதர் படலைக்கு வெளியே பின்னேரம்வரை நின்றுவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு சொல் பேசியதில்லை. அவர் நிலையத்துக்கு வராமல் நடப்பது வலைக்குள் இருக்கிற அவவின் முகத்துக்கு நேரே நிற்க ஏலாமல்தான்.

ஓர் ஒக்டோபரில் மைக் அக்காவுக்குத் தொண்டை போனது. சளித் தடிமன் என்று நினைத்தா. டொக்டர் பார்த்துவிட்டு, குரல் நாண்கள் வீங்கியிருக்கின்றன, வாயே திறக்கக் கூடாது என்றுவிட்டார். நிலையம் அலங்கோலமானது. சாரதிமார் தாங்களே கத்தினார்கள். கிண்ணியாவுக்குப் போக வந்த ஒரு ஐயா நிலாவெளியில் இறங்கி நின்றுகொண்டு ஊரையே திட்டினார். அக்கா வலைக்குள் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, போகிற பஸ்களைக் கையால் காட்டிக்கொண்டிருந்தா.

அது செபமாலை மாதம். வீடு வீடாகப் போகிற மாதா சுரூபம் அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அக்கா வந்து, தன் செபமாலையை என் கையில் வைத்து, தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, என் மனைவிக்குப் பக்கத்தில் போய் இருந்தா. நான் முதன்முதலாக முன்னுக்கு இருந்தேன். பிழை விட்டேன், ஒரு மணியைத் தாண்டியும் போனேன். பின்னால் சனம் பதில் சொன்னது.

எல்லாரும் போன பிறகு மனைவி சொன்னாள்: "இஞ்சேருங்கோ, அக்கா எல்லாத்துக்கும் வாயை அசைக்கிறா. அந்த ஒரு வரியில மட்டும் மூடுறா."

எந்த வரி என்று கேட்கத் தேவையில்லை. தீமை செய்தவர்களைப் பொறுக்கிற வரி.

இரண்டாம் நாள் அடுத்த வீட்டிலும் நான்தான் முன்னுக்கு, அக்காவும் அப்படித்தான். மூன்றாம் நாள் செபம் முடிந்து, குடை எடுக்க வந்தவ மாதிரி என் பக்கத்தில் வந்து நின்றா. குரல் இல்லை, காற்று மட்டும் வந்தது.

"தம்பி, உம்மட மனிசி என்ர வாயையே பாத்துக்கொண்டிருக்கிறா."

நான் ஏதோ மழுப்பினேன்.

"அவ கண்டது சரி. முன்னுக்கு இருக்கிறவைக்கு அந்த வரி இல்லை, தம்பி. அதுக்குத்தான் முன்னுக்கு வந்தனான்." பிறகு சிரித்தா. சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "சனம் பக்தி எண்டுது."

கோயிலில் எப்படி என்று கேட்டேன். அங்கே எல்லாரும் முழுவதையும் சேர்ந்து பாடுகிறோமே.

"அத்தினை சனத்துக்குள்ள நான் வாய் மூடினால் ஆருக்குத் தெரியும்? வீட்டில தெரியும். படியில இருக்கிறவருக்கும் தெரியும்."

சும்மா சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். வயது அப்படி.

"வராத பஸ்ஸை வருகுது எண்டு நான் ஒரு நாளும் மைக்கில சொன்னதில்லை, தம்பி."

குடையை விரித்துக்கொண்டு மேல் வளவுக்கு ஏறிப் போனா.

அந்த மாதத்தின் மிச்ச நாட்கள் எங்கள் வீட்டில் ஒரு விசாரணை மாதிரிப் போயின. இண்டைக்கும் இல்லை என்று மனைவி வந்து சொல்லுவாள். இண்டைக்கும் இல்லை. பிறகு ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே, இண்டைக்கு அசைஞ்சது என்றாள். நான் மறுநாள் பஸ் நிலையத்தில் வலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கேட்காமலே அவவுக்கு விளங்கியது.

"சத்தம் இல்லைத்தானே," என்றது அந்தக் காற்று. "சத்தம் இல்லாட்டி அது அறிவிப்பு இல்லை. சொல்லிப் பாக்கிறன், அவ்வளவுதான். வாய்க்கு அந்தச் சொல்லு மறந்துபோச்சு."

குரல் திரும்பிய அன்று எல்லாரும் அவ முன்னுக்குப் போவா என்று இடம் விட்டார்கள். நானும் செபமாலையை நீட்டினேன். அவ தலையை ஆட்டிவிட்டு, பின்னால் போய்ச் சுவரோடு இருந்தா. முதல் பாதியை நான் சொல்லி நிறுத்தினேன். சனத்தோடு சேர்ந்து அவவின் குரல் வந்தது. ஒரு பஸ் நிலையத்தை நிரப்புகிற குரல், அந்த வரிக்கு வந்ததும் நோயாளி நடக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துப் பிடித்துப் போய் மறுபக்கம் சேர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் இருந்தவர் என்றும் போலத் தேநீருக்கு முன் எழும்பிப் போனார். அடுத்த நாள் காலையில் என் செருப்பை அவருடைய மகன் கொண்டுவந்து தந்துவிட்டு, தகப்பனின் செருப்பை எடுத்துக்கொண்டு போனான். கண் தெரியாதவர் மாதிரி, காலில் அகப்பட்டதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

இதோடு எல்லாம் தீர்ந்தது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு பேரும் பேசவில்லை. அவர் நடந்து போய் அடுத்த தரிப்பிடத்தில் ஏறுவதும் நிற்கவில்லை. மாரி பிடித்தது. ஒரு காலை, வானம் கிழிந்த மாதிரி மழை. சீனன்குடா பஸ்ஸில் நான் யன்னலோரம் இருந்தேன். சாரதி இயந்திரத்தை முடுக்க, பஸ் நிலைய வாசலை நோக்கி ஊரத் தொடங்கியது. அப்போது அந்த மனிதர் வீதியால் ஓடிவருவதைக் கண்டேன். வெள்ளத்தில் அடுத்த தரிப்பிடத்துக்கு நடக்க வழியில்லை. தலையில் ஒரு பொலித்தீன் பை, கையில் சோற்றுப் பார்சல். நிலையத்துக்குள் வர மனமில்லாமல் வாசலில் ஒரு கணம் தயங்கினார்.

மைக் கரகரத்தது.

"சீனன்குடா பஸ், கொஞ்சம் பொறுங்கோ. ஒராள் வாறார்."

சாரதி பிரேக்கை அழுத்திவிட்டு வலைப்பக்கம் திரும்பிப் பார்த்தான். கொண்டக்டர் பொடியன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பாதருக்கே நிற்காத பஸ் நின்றது. அவர் ஏறி, எனக்குப் பக்கத்தில் வெறுமையாய் இருந்த இடத்தில் இருந்தார். உடுப்பிலிருந்து தண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை. பஸ் ஊரைத் தாண்டி, உள்துறைமுகத்துத் தண்ணீர் பக்கத்தில் தெரியத் தொடங்கிய பிறகுதான் வாய் திறந்தார்.

"அது எனக்கோ சொன்னவ?"

ஓம் என்றேன். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். இறங்கும்வரை திரும்பவில்லை. மறுநாளிலிருந்து அவர் நிலையத்தில்தான் ஏறினார்.

எங்கள் பக்கத்தில் பொறுங்கோ என்றால் நில்லுங்கோ என்று அர்த்தம். எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற சொல். பழைய செபத்தில் மன்னிப்புக் கேட்கிற அந்த வரியில் இருப்பதும் இதே சொல்தான். அதை நினைத்துத்தான் சொன்னீங்களோ என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். எனக்கு அப்படியொரு அழகான பதில் வேண்டியிருந்தது. "மழைக்குள்ள ஒரு மனிசன் ஓடிவந்தால் பஸ் நிக்கத்தானே வேணும்," என்றுவிட்டு, அடுத்த பஸ்ஸை அறிவிக்கத் திரும்பிவிட்டா.

இன்னொரு நாள், கேட்காமலே ஒன்று சொன்னா. நான் ஏதோ, இப்ப உங்களுக்கு மனம் லேசாக இருக்கும் என்ற மாதிரிக் கதைத்திருப்பேன். "உமக்கு ஆர் சொன்னது?" என்றா. "ஒருக்காச் சொன்னால் முடியிற வேலையெண்டால், ஒரு செபமாலைக்குள்ள ஏன் தம்பி அந்த வரி திரும்பத் திரும்ப வருகுது? சில நாள் முதல் பத்திலேயே சொல்ல வரும். சில நாள் கடைசிப் பத்திலதான். வராத நாளும் இருக்கு. அண்டைக்கு நாளைக்குப் பாப்பம் எண்டு படுக்கிறன்."

ஓய்வு பெற்றதும் மன்னாரில் தங்கச்சியோடு போய் இருந்தா. சில வருடங்களில் அங்கேயே காலமானா என்று கேள்விப்பட்டோம். செய்தியைக் கொண்டுவந்து சொன்னது அந்தப் படிக்கட்டு மனிதர்தான். மன்னாருக்குப் போய்வந்திருந்தார்.

குசினியில் தண்ணீர்க் கோப்பையோடு நின்றபோது இதெல்லாம்தான் எனக்கு வந்தது. நான் ஏன் முன்னுக்கு இருக்கிறேன் என்று மகளுக்குத் தெரியாது. எனக்கே அந்தக் கணம்வரை தெரியாது. மைக் அக்கா அறிந்து செய்ததை நான் அறியாமல் செய்திருக்கிறேன். அந்த வரி என் வாயில் வராமல் இருக்க, செபத்தின் முதல் பாதிக்குள் போய் ஒளித்துக்கொண்டிருக்கிறேன்.

தெரிந்த பிறகும் நான் இடம் மாறவில்லை. அடுத்த நாளும் முன்னுக்குத்தான் இருந்தேன்.

ஒக்டோபர் வந்தது. எங்கள் வட்டாரத்தில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். இந்த வீட்டுச் செபத்தின் முடிவில் அடுத்த வீட்டுக்காரர் வந்து, தங்கள் கையால் தூக்கிக்கொண்டு போகவேண்டும். எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்ற வரிசையைக் கோயிலில் வாசித்தார்கள். எங்களுக்கு அடுத்தது அந்தப் பொடியனின் வீடு.

வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்கப் போனை எடுத்தேன். எங்கள் வீட்டில் நோயாளி இருக்கிறது, பிறகு ஒரு நாள் வைத்துக்கொள்ளுவோம் என்று சொல்ல நினைத்தேன். மகள் ஊன்றுகோலைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஆருக்கு எடுக்கிறீங்கள்?"

சொன்னேன். அவள் புத்தகத்தை மூடவில்லை.

"அப்பா, எனக்குக் கால்தான் முறிஞ்சது."

நான் போனை மேசையில் வைத்தேன். மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அலுமாரியைத் திறந்து தேநீர்க் கோப்பைகளை வெளியே எடுத்தாள். பல கிழமைகளாக அவற்றைத் தொடாமல் வைத்திருந்தவள்.

எங்கள் நாளன்று பின்னேரமே மழை தொடங்கிவிட்டது. சுரூபத்தை மேசையில் வைத்து, மனைவி செவ்வரத்தம் பூ வைத்தாள். அயலில் நாலைந்து குடும்பம் வந்தது. மகள் நடுவில் கதிரையில், காலை நீட்டிக்கொண்டு. நான் முன்னுக்கு. முதல் பத்து முடிந்தது. படலைப் பக்கம் சத்தமில்லை. இரண்டாம் பத்து, மூன்றாம் பத்து. ஒவ்வொரு முறையும் நான் பாதியில் நிறுத்த, பின்னால் என் மனைவியின் குரலும் மகளின் குரலும் அந்த வரியைச் சொல்லிக்கொண்டு போயின. வரமாட்டார்கள் என்று நினைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி என்னைப் பயப்படுத்தியது. மகள் இந்த வீட்டில் இனி எதைப் பார்த்து வளரப்போகிறாள் என்பதுதான் அந்தப் பயம். கால் பொருந்திவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

நாலாம் பத்து முடிகிற நேரம் படலை கிரீச்சிட்டது.

பொடியன்தான் முன்னால் வந்தான். தாய் பின்னால், சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு. படிக்குக் கீழே மழைக்குள் நின்றார்கள். தாய் அழுதுகொண்டிருந்தா. மாமன் இல்லை. என் மனைவி எழும்பிப் போய்த் தாயின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து தன் பாயில் இருத்தினாள். பொடியன் வாசற்படியில் முழந்தாளிட்டான். இப்படி ஒரு வாசற்படியில் ஒருவர் முழந்தாளிட்டிருப்பதை நான் முன்பு பார்த்திருக்கிறேன்.

நான் எழுதி எழுதிக் கூராக்கி வைத்திருந்த பேச்சைத் தேடினேன். ஒரு சொல்லும் கைக்கு அகப்படவில்லை. எல்லாரும் ஐந்தாம் பத்துக்காகக் காத்திருந்தார்கள். மகள் என்னையே பார்த்தாள்.

எழும்பி வாசலுக்குப் போனேன். செபமாலையை அவனிடம் நீட்டினேன். "கடைசிப் பத்தை நீர் சொல்லும்," என்றேன். அவன் செபமாலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு உள்ளே கதிரையில் நீட்டியிருந்த காலைப் பார்த்தான். வாங்கிக்கொண்டான். நான் பின்னால் போய்ச் சுவரோடு, சனத்துக்குள் இருந்தேன்.

அவன் தொடங்கினான். ஓர்கன் வாசிக்கிறவன், குரல் நல்ல குரல். முதல் பாதியில் இரண்டு வரி போனது. மற்றப் பாதி என் வாய்க்குள் வந்து நின்றது. இத்தனை நாளும் வராதது, நாவின் நுனியில், எந்த நேரமும் வெளிக்கிட ஆயத்தமாக நின்றது. அவன் இன்னும் ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்தினால் சரி.

அவன் நடுவிலேயே நின்றுவிட்டான். தோள் குலுங்கியது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சனத்தைத் தாண்டி, சுவரோடு இருந்த என்னைத் தேடித் திரும்பினான்.

"அங்கிள்," என்றான், "கொஞ்சம் பொறுங்கோ."